வயலுக்கு எத்தனை பரண்?

பல்லேபொலவில் சதுரமான வயலைக் காண்பது அரிது. இரண்டு மேடுகளுக்கு நடுவே தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறதோ, அந்த வழியாகவே வயலும் வளைந்து போகும். ஓரிடத்தில் அகலும், ஓரிடத்தில் ஒடுங்கும், ஒரு தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் மறையும். மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்றான இப்பகுதி, ஈரமான மலைநாட்டுக்கும் உலர் வலயத்துக்கும் இடைப்பட்ட நிலம். கதிர் முற்றும் காலத்தில் இத்தகைய இடங்களில் பெரிய கவலை காட்டுப்பன்றி. அதற்காகத்தான் பரண். சிங்கள விவசாயிகள் அதைப் ‘பெல’ என்பார்கள். இரவில் தூக்கம் அண்டாமல் இருக்கவும், அடுத்த பெலவில் இருப்பவருக்குத் தான் விழித்திருப்பதை அறிவிக்கவும் பாடிய பாட்டுகளுக்குப் ‘பெல் கவி’ என்று தனிப் பெயரே உண்டு.

ஒரு பரண் என்றால் ஒரு மனிதனின் இரவு. ஆகவே கேள்வி தானாகவே எழுகிறது. இந்த வளைந்த வயலின் எந்த மூலையும் கண்ணுக்குத் தப்பாமல் இருக்கக் குறைந்தது எத்தனை பரண் வேண்டும்? எங்கெங்கே போட வேண்டும்?

அனுபவமுள்ள விவசாயி வரம்பில் ஒருமுறை நடந்துவிட்டு விடை சொல்லிவிடுவார். அதே கேள்வியைக் கணினியிடம் கொடுத்தால் அது திணறுகிறது. ஏன் திணறுகிறது என்பதை அறிய, ஐம்பது ஆண்டுகளாகக் கணிதவியலாளர்கள் கூடிக் கூடி, கரும்பலகையைச் சுற்றி நின்று பேசி வருகிறார்கள். அந்தக் கூட்டங்களையும் அவற்றில் பேசப்படும் கேள்விகளையும் பற்றி எழுத எனக்கு நெடுநாள் ஆசை. அப்படியொரு பட்டறை பல்லேபொல போன்ற ஊரிலும் நடக்கலாம், நடக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வடிவியல் என்பதை நம் பாடநூல்கள் கேத்திரகணிதம் என்கின்றன. எனக்கு நம் சொல்தான் பிடிக்கும். கேத்திரம் என்றால் வயல், நிலம். அந்தச் சொல்லுக்குள் சேறு இருக்கிறது. அதோடு கணினியைச் சேர்த்தால் கணினிக் கேத்திரகணிதம். புள்ளி, கோடு, பல்கோணி பற்றிய கேள்விக்கு இயந்திரம் படிப்படியாகச் செய்து முடிக்கக்கூடிய வழியைக் கண்டுபிடிப்பது, அந்த வழிக்கு எத்தனை படி செலவாகும் என்று எண்ணிப் பார்ப்பது, இவ்விரண்டும் அதன் வேலை. இப்படிப்பட்ட வழியைப் படிமுறை என்று சொல்லலாம். 1978 இல் யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷாமோஸ் எழுதிய கலாநிதிப் பட்ட ஆய்வேடு இத்துறைக்கு ஓர் உருவத்தைக் கொடுத்தது.

கண்ணுக்கு எளிதானது இயந்திரத்துக்கு எளிதாக இருப்பதில்லை என்பதை முதலில் ஒரு சிறு கணக்கில் பார்ப்போம். பலகையில் ஆயிரம் ஆணிகளைத் தாறுமாறாக அடித்துவிட்டு, அவை எல்லாவற்றையும் சுற்றி ஓர் இறப்பர் பட்டியை இழுத்து விடுங்கள். அது வெளி ஓரத்து ஆணிகளைப் பற்றிக்கொண்டு இறுகி நிற்கும். நமக்கு வேலை முடிந்தது. கணினிக்கு இறப்பர் பட்டி கிடையாது, கண்ணும் கிடையாது. அதனிடம் இருப்பவை ஆயிரம் சோடி எண்கள், அதாவது ஆள்கூறுகள் மட்டுமே. இரண்டு ஆணிகளை எடுத்து ஒரு கோடு போட்டு, மற்ற ஆணிகள் எல்லாம் அதன் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லலாம். ஒவ்வொரு சோடிக்கும் இப்படிப் பார்த்தால் ஏறத்தாழ 50 கோடிச் சோதனைகள் ஆகும். 1972 இல் ரொனால்ட் கிரகாம் வேறு வழி சொன்னார். ஓர் ஓரத்து ஆணியில் நின்றுகொண்டு மற்றவற்றைக் கோண வரிசையில் அடுக்கு. பிறகு அந்த வரிசையில் நடந்து போ. இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போனால் சரி. எங்காவது வலப்பக்கம் திரும்ப நேர்ந்தால் கடைசியாக மிதித்த ஆணியை விட்டுவிடு. இந்த வழியில் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டும் படிகளில் வேலை முடிந்துவிடுகிறது. 50 கோடி எங்கே, பத்தாயிரம் எங்கே! இயந்திரம் ஒன்றுதான், ஆணிகளும் அவைதான். மாறியது யோசனை மட்டும்.

இடமா வலமா என்பதை எண்களிலிருந்து அறியும் முறையைச் சாதாரண தர மாணவரே செய்து பார்க்கலாம். முதற்புள்ளி (0, 0), இரண்டாவது (4, 1), மூன்றாவது (2, 5) என்க. 4 ஐ 5 ஆல் பெருக்கி, அதிலிருந்து 1 ஐ 2 ஆல் பெருக்கிக் கழித்தால் 18. விடை நேர் எண் என்றால் இடப்பக்கத் திருப்பம், மறை எண் என்றால் வலப்பக்கம், பூச்சியம் என்றால் மூன்றும் ஒரே கோட்டில். இத்துறையின் பெரும்பகுதி இந்த ஒரு கழித்தலின் மேல்தான் நிற்கிறது.

இனிப் பரணுக்கு வருவோம். 1973 இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஒரு கூட்டத்தில் வாஷெக் ஹ்வாட்டல் என்ற இளம் கணிதவியலாளர், மூத்தவரான விக்டர் கிளீயிடம் சுவையான கேத்திரகணிதக் கேள்வி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார். கிளீ நின்ற இடத்திலேயே ஒன்றைச் சொன்னார். சுவர்கள் பலவாறாக மடங்கிய ஓவியக் கூடம் ஒன்று, அதற்கு n மூலைகள். கூடம் முழுவதையும் பார்த்துக்கொள்ள எத்தனை காவலர்கள் போதும்? ஓவியக் கூடம் நமக்குத் தூரம். அதை வயலாக மாற்றிக்கொள்ளலாம். வயலைச் சுற்றிப் புதரும் மரமும் அடர்ந்திருக்கின்றன, ஆகவே பார்வை வயலுக்குள்ளேதான் செல்ல முடியும். பரணில் இருப்பவர் நாற்புறமும் திரும்பிப் பார்ப்பார், எவ்வளவு தூரமும் பார்ப்பார். வயலின் ஓரங்கள் நேர்கோடுகள். இவ்வளவுதான் விதி.

ஹ்வாட்டலின் விடை 1975 இல் அச்சானது. மூலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து மீதியை விட்டுவிடுங்கள், அத்தனை பரண் எப்போதும் போதும். 12 மூலை வயலுக்கு 4 பரண். 14 மூலைக்கும் 4 தான். இதைவிடக் குறைத்துவிட முடியாதா என்றால், சில வயல்களுக்கு முடியும், எல்லா வயல்களுக்கும் முடியாது. நான்கு பற்கள் உள்ள சீப்பைப் போன்ற வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் நுழையும் நான்கு ஒடுங்கிய கூர்மையான பள்ளங்கள், அடியில் அவற்றை இணைக்கும் ஓர் ஒடுங்கிய சமநிலம். பல்லுக்கு மூன்று மூலை வீதம் மொத்தம் 12. ஒரு பள்ளத்தின் நுனியைப் பார்க்கும் இடத்திலிருந்து மற்றொரு பள்ளத்தின் நுனி தெரியாது. ஆகவே நான்கு நுனிக்கும் நான்கு பரண் இருந்தே ஆக வேண்டும்.

அது சரி, நான்கு எப்போதும் போதும் என்பதற்கு என்ன உறுதி? ஹ்வாட்டலின் நிறுவல் சற்றுச் சுற்றி வளைத்துப் போவது. அதைப் படித்து மனம் நிறையாத ஸ்டீவ் ஃபிஸ்க் என்பவர் 1978 இல் ஒரு பக்க அளவில் வேறொரு நிறுவலை வெளியிட்டார். அந்தக் குறுங்கட்டுரையின் தலைப்பிலேயே அவர் இதைக் காவற்காரன் தேற்றம் என்றுதான் குறிப்பிடுகிறார். கணிதத்தில் நான் அறிந்த மிக அழகான நிறுவல்களில் இதுவும் ஒன்று. ஆகவே அவசரப்படாமல் பார்ப்போம். கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

12 மூலை உள்ள ஏதாவதொரு வயலை வரையுங்கள். எவ்வளவு கோணலாக இருந்தாலும் நல்லது. இப்போது மூலைக்கு மூலை கோடு போடுங்கள், கோடு வயலுக்கு உள்ளேயே போக வேண்டும், ஏற்கெனவே போட்ட கோட்டை வெட்டக் கூடாது. இனிக் கோடு போட இடமே இல்லை என்னும்வரை போடுங்கள். வயல் முழுவதும் முக்கோணிகளாகப் பிரிந்திருக்கும். எண்ணிப் பாருங்கள், 10 முக்கோணிகள். நீங்கள் எந்த வரிசையில் கோடு போட்டிருந்தாலும் 10 தான், மூலைகளின் எண்ணிக்கையை விட இரண்டு குறைவு.

அடுத்து மூன்று நிறப் பென்சில்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு நிறம் பூச வேண்டும். ஒவ்வொரு முக்கோணியின் மூன்று உச்சிகளும் மூன்று வெவ்வேறு நிறமாக இருக்க வேண்டும். இது எப்போதும் முடியுமா? முடியும். இப்படிப் பிரித்த எந்த வயலிலும், இரு பக்கம் வெளி ஓரமாகவும் ஒரே பக்கம் உட்கோடாகவும் அமைந்த முக்கோணி ஒன்றாவது இருக்கும். அதைக் காது என்பார்கள். காதை அறுத்துவிட்டால் மூலை ஒன்று குறைந்த வயல் மிஞ்சும். அதிலும் ஒரு காது இருக்கும், அதையும் அறுங்கள். இப்படியே போனால் கடைசியில் ஒற்றை முக்கோணி மிஞ்சும். அதற்கு மூன்று நிறத்தையும் பூசுங்கள். இனி அறுத்த காதுகளை ஒன்றொன்றாகத் திரும்ப ஒட்டுங்கள். ஒட்டும்போது காதின் நுனி இரண்டே இரண்டு மூலைகளோடு சேர்கிறது, அவை இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் ஏற்கெனவே இருக்கிறது. மூன்றாவது நிறத்தை நுனிக்குக் கொடுத்துவிடலாம். தடங்கலே வராது.

இப்போது 12 மூலைக்கும் நிறம் வந்துவிட்டது. மூன்று நிறத்தில் எது குறைவாக இருக்கிறது என்று பாருங்கள். 12 மூலைகள் மூன்று நிறத்துக்குப் பங்கிடப்பட்டிருப்பதால், ஏதாவது ஒரு நிறம் நான்கு இடங்களிலோ அதற்குக் குறைவாகவோதான் இருக்க முடியும். அந்த நிறம் பூசிய மூலைகளில் பரண் போடுங்கள். ஒவ்வொரு முக்கோணியிலும் அந்த நிற உச்சி ஒன்று இருக்கிறது, உச்சியில் இருப்பவருக்குத் தன் முக்கோணி முழுவதும் தெரியும். முக்கோணிகள் சேர்ந்ததுதான் வயல். ஆகவே வயல் முழுவதும் தெரிகிறது. நிறுவல் முடிந்தது.

முதன்முதலில் இதைப் புரிந்துகொண்டபோது கொப்பியை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளை அறியாத எதுவும் இதில் இல்லை.

ஆனால் விவசாயியின் கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. 12 மூலைக்கு நான்கு போதும் என்பது எல்லா வயலுக்கும் பொதுவான உறுதி. இந்தக் குறிப்பிட்ட வயலுக்கு இரண்டே போதுமாக இருக்கலாமே? உண்மையான குறைந்த எண் எது? இங்கேதான் தரை வழுக்குகிறது. 60 மூலை உள்ள வயலில் எந்தெந்த மூலையில் பரண் என்று ஒவ்வொரு விதமாகப் போட்டுப் பார்த்தால், விதங்களின் எண்ணிக்கை 1 க்குப் பின் 18 பூச்சியம் போட்ட எண்ணையும் தாண்டிவிடும். கிரகாம் ஆணிகளுக்குச் செய்தது போல இதற்கும் ஒரு குறுக்கு வழி கிடைக்காதா? டெர்-ட்சாய் லீ, ஆர்தர் லின் இருவரும் 1986 இல் காட்டியது இது: இந்தக் கேள்விக்கு விரைவான வழி கிடைத்தால், கணினியியலில் தீரவே மாட்டேன் என்று நிற்கும் நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கும் விரைவான வழி கிடைத்துவிடும். அப்படி ஒரு வழி இல்லை என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

மூலையில்தான் பரண் என்ற கட்டுப்பாட்டை நீக்கி, வயலுக்குள் எங்கு வேண்டுமானாலும் போடலாம் என்றால் நிலைமை இன்னும் விந்தையாகிறது. மிக்கேல் ஆபிரகாம்சன், அன்னா அடமாஸெக், டில்மான் மில்ட்சோவ் ஆகிய மூவரும் 2017 இல் ஒரு வயலை வரைந்து காட்டினார்கள். அதன் மூலைகள் எல்லாம் முழு எண் ஆள்கூறுகளில் இருக்கின்றன. அதற்கு மூன்று காவலர் போதும். ஆனால் அந்த மூவரும் நிற்க வேண்டிய இடங்களின் ஆள்கூறுகள் விகிதமுறா எண்கள். பின்னமாக எழுதக்கூடிய இடங்களில்தான் நிறுத்துவேன் என்று அடம்பிடித்தால் நான்கு பேர் வேண்டும். கணினி சேமித்து வைக்கும் சாதாரண எண் எல்லாம் பின்னமாக எழுதக்கூடியதே. அந்த மூன்று இடங்களையும் அது எவ்வளவு நெருங்கி எழுதினாலும், எங்கோ ஒரு மயிரிழைத் துண்டு கண்ணுக்குத் தப்பிவிடும்.

மிகச் சரியான விடை கிடைக்காதபோது, அதற்கு அருகில் உள்ள விடையாவது கிடைக்குமா என்று கேட்பது நல்ல கணிதவியலாளரின் பண்பு. அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டவர் ஓர் இந்தியர். மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய சுபீர் குமார் கோஷ் 1987 இல் ஒரு படிமுறை தந்தார். அது காட்டும் பரண்களின் எண்ணிக்கை உண்மையான குறைந்த எண்ணைவிட அதிகமாக இருக்கலாம். ஆனால் எத்தனை மடங்கு அதிகம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை மூலை எண்ணிக்கையின் மடக்கையைப் போல மெதுவாகவே வளரும். நடுவில் ஓட்டை இல்லாத வயலுக்கு, மூலை எவ்வளவு கூடினாலும் மாறாத ஒரு மடங்குக்குள் அடக்கலாம் என்றும் அவர் ஓர் அனுமானத்தை முன்வைத்தார். அந்த ஓர் அனுமானத்தின் பின்னால் பலர் ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள்.

கோஷைப் பற்றி எழுதும்போது அவருடைய தேற்றங்களோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. பார்வைப் படிமுறைகள் பற்றி அவர் எழுதிய நூல் 2007 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தில் வெளிவந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. வரைபுகளையும் கேத்திரகணிதப் படிமுறைகளையும் அறிமுகம் செய்யும் ஆய்வு ஊக்குவிப்புப் பட்டறைகளை இந்தியாவின் பல ஊர்க் கல்லூரிகளுக்குக் கொண்டு போனார். பெரிய ஆய்வு நிறுவனத்தின் வாசலை மாணவர்கள் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஓவியக் கூடமும் மூன்று நிற உச்சிகளும் அவற்றோடு சிறு ஊர்களின் கரும்பலகைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. படிமுறைகளுக்கும் தனிநிலைக் கணிதத்துக்குமான ‘கால்டம்’ என்ற இந்திய மாநாடு 2015 இல் கான்பூரில் தொடங்கி, 2025 இல் கோயம்புத்தூருக்கு வந்தது.

பட்டறை என்பது இத்துறைக்கு வெறும் சடங்காக இருந்ததில்லை. 1985 இல் பால்டிமோரில் முதலாவது ஆண்டு மாநாடு நடந்தது. ஆனால் துறையின் குணத்தை உருவாக்கியவை சிறிய கூட்டங்கள் என்று சொல்வேன். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொட்ஃபிரைட் டூசான், பார்படோஸ் தீவில் அப்பல்கலைக்கழகத்துக்கு உள்ள பெல்லேர்ஸ் ஆய்வு நிலையத்தில் 1980களில் ஒரு பட்டறையைத் தொடங்கினார். அங்கே யாரும் முடிந்த ஆய்வைப் படித்துக் காட்டிக் கைதட்டு வாங்குவதில்லை. விடை தெரியாத கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவார்கள். பேராசிரியரும் நேற்றுச் சேர்ந்த மாணவரும் ஒரே பலகையின் முன் நிற்பார்கள். விடை வந்தால் அதற்கு உழைத்த எல்லோருடைய பெயரும் கட்டுரையில் வரும். டூசான் 1989 இல் தொடங்கிய கனேடிய மாநாட்டிலும் திறந்த கேள்விகளுக்கென்றே ஓர் அமர்வு உண்டு. ஜெர்மனியின் டாக்ஸ்டூல் மாளிகையில் 1990 முதல் நடக்கும் கருத்தரங்குகளில் கணினிக் கேத்திரகணிதத்துக்குத் தொடக்கத்திலிருந்தே இடம் இருக்கிறது. விடை தெரியாமையைச் சபையில் ஒளிக்காமல் எழுதி வைக்கும் இந்தப் பழக்கத்தை நம் வகுப்பறைகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. நம்மிடம் கேள்வி என்றால் பரீட்சைக் கேள்வி. விடை ஏற்கெனவே எங்கோ ஓர் உறையில் முத்திரையிடப்பட்டிருக்கும்.

சரி, பல்லேபொலவில் ஒரு பட்டறை நடந்தால் பலகையில் என்ன எழுதலாம்?

முதலில் மழையை எழுதுவேன். மாத்தளை மாவட்டத்தின் ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர், மறுபக்கம் தம்புள்ளையின் காய்ந்த சமவெளி. ஒரு மழைமானியில் வெள்ளமாய் நிற்கும் நாளில் அடுத்த மழைமானி காய்ந்து கிடக்கலாம். ஓர் ஆற்றுப்படுகைக்குச் சராசரி மழை எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? அமெரிக்க வானிலை அதிகாரி ஆல்ஃபிரட் தீசன் 1911 இல் ஒரு வழி சொன்னார். நிலத்தின் ஒவ்வொரு துண்டையும் அதற்கு மிக அருகில் உள்ள மழைமானிக்குக் கொடுத்துவிடு. அப்போது ஒவ்வொரு மானிக்கும் ஒரு பல்கோணி கிடைக்கும். மூன்று மானிகளின் பங்கு நிலத்தில் 50, 30, 20 சதவீதம் என்றும், மழை 80, 40, 10 மில்லிமீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். சும்மா கூட்டி மூன்றால் வகுத்தால் 43. நிலத்தின் பங்குப்படி கணித்தால் 54. குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்ப்பவருக்கு இந்த 11 மில்லிமீற்றர் பெரிய வேறுபாடு. உக்ரேனில் பிறந்த கியோர்கி வோரனோய் இதே பிரிப்பை 1908 இல் தூய கணிதமாக ஆராய்ந்திருந்தார். அவர் பெயரால்தான் அது இன்று வழங்குகிறது.

இங்கே மாணவர் ஒருவர் எழுந்து மறுப்புச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அருகில் என்றால் எந்த அருகில்? மலைக்கு இந்தப் பக்கம் உள்ள நிலத்துக்கு, நேர்கோட்டில் அருகில் உள்ள மானி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால்? அந்த மானியில் பெய்வது வேறு மழை. வைத்தியசாலைக்கும் இதே மறுப்புப் பொருந்தும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிவது, தெருவழியே போனால் மலையைச் சுற்றி வரும் தூரமாக இருக்கும். நேர்கோட்டுத் தூரத்தை எடுத்துவிட்டுப் பாதைத் தூரத்தை வைத்தால் பல்கோணிகள் எப்படி மாறும்? இது உண்மையான ஆய்வுக் கேள்வி. மலைநாட்டில் வாழும் பிள்ளைக்கு இது உடனே தோன்றும்.

இரண்டாவது முக்கோணி. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கத்துக் குன்றை நோக்கிச் சங்கிலி பிடித்து ஏழரை மைல் கோடொன்றை அளந்தார். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணிகளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போய் இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. தெற்கே தட்டையான நிலத்தில் குன்று கிடைக்காதபோது கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கோணமானியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதிச் சிதைந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைத் தாமே சீர்செய்தார். இலங்கை நில அளவைத் திணைக்களம் லாம்டனின் அளவையைவிடப் பழையது, 1800 ஓகஸ்ட் 2 இல் நிறுவப்பட்டது. இன்றைய இலங்கை வரைபட நெய்யரிக்கு ஆதாரப் புள்ளி பிதுருதலாகல மலை. பல்லேபொலவின் எந்த வயலின் ஆள்கூறும் அந்த உச்சியிலிருந்து எண்ணப்படுவதுதான்.

அளந்த புள்ளிகளிலிருந்து மலையின் உருவத்தைக் கணினியில் எழுப்ப வேண்டுமானால் மறுபடியும் முக்கோணிகளே வேண்டும். எந்த முக்கோணிகள் என்பதுதான் சிக்கல். ஒரே புள்ளிகளைப் பல விதமாக இணைக்கலாம். ஊசி போல நீண்ட முக்கோணிகள் வந்தால், தூரத்தில் உள்ள இரண்டு உயரங்களை இழுத்துக் கட்டி, இல்லாத சரிவை இருப்பதாகக் காட்டிவிடும். ரஷ்யரான போரிஸ் டெலோனே 1934 இல் வெளியிட்ட விதி இதற்கு மருந்து. ஒவ்வொரு முக்கோணியின் மூன்று உச்சிகளின் ஊடாகவும் வட்டம் வரை. அதனுள் வேறு புள்ளி இருக்கக் கூடாது. இந்த விதிப்படி பிரித்தால் மிகச் சிறிய கோணம் இயன்றவரை பெரிதாகிறது, ஊசிகள் குறைகின்றன. மாத்தளை மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும்போது சரிவின் கோணம் முக்கியமான கணக்கு. சரிவு தவறினால் ஒரு வீடு பாதுகாப்பானது என்று தவறாகக் குறிக்கப்படக்கூடும். டெலோனேயின் வட்டத்தை நான் அந்த வீட்டோடு சேர்த்தே நினைக்கிறேன்.

மூன்றாவதாகக் கோபுரங்கள். மலைமுகட்டை ஒரு மடிந்த கோடாக மட்டும் வரைந்துகொண்டு, அதன் எல்லா இடமும் தெரியக் குறைந்தது எத்தனை கோபுரம் வேண்டும் என்று கேட்டால், அதுவும் பரண் கேள்வியைப் போலவே கடினம் என்று ஜேம்ஸ் கிங்கும் எரிக் குரோனும் 2010 இல் நிறுவினார்கள். கைத்தொலைபேசியில் அலை கிடைக்காமல் வீட்டு முற்றத்துக்கும் மேட்டுக்கும் நடக்கும் ஊரில் இதை விளக்கப் படமே வேண்டாம்.

சிறிய ஊரின் கேள்வி உலக ஆய்வாகுமா என்று கேட்பவர்களுக்குத் தாம்பரத்தைக் காட்டுவேன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் வாசலில் போடும் கோலத்தை எடுத்துக்கொண்டு, புள்ளி வரிசையிலிருந்து கோலம் பிறக்கும் விதிகளை இலக்கணமாக எழுதினார்கள். 1974 இல் அது கணினி வரைகலைக்கான சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தது. படங்களின் இலக்கணம் பற்றிய ஆய்வுகளில் கோலம் என்ற தமிழ்ச் சொல் அப்படியே நிலைத்துவிட்டது.

ஆகவே, பல்லேபொலவிலும் மாத்தளையிலும் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்குங்கள். தமிழ்ப் பிள்ளைகளையும் சிங்களப் பிள்ளைகளையும் சேர்த்தே அழையுங்கள், முக்கோணிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. தேவைப்படுபவை கரும்பலகை, மூன்று நிற வெண்கட்டி, நூல், ஆணி, ஒரு வயலின் நில அளவைப் படம். கணினி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் காலைப் பொழுது நின்றுவிடாது. பேராதனைப் பல்கலைக்கழகம் ஒரு பகல் பயணத்துக்குள்தான் இருக்கிறது, அங்கிருந்து ஒருவரை அழைத்தால் வருவார். காலையில் ஃபிஸ்கின் நிறுவலைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பிற்பகலில் அவர்களுடைய கேள்விகளைப் பலகையில் எழுதுங்கள். விடை தெரியாத கேள்வியை அழித்துவிடாதீர்கள்.

தொடங்குவதற்கு ஒரு கேள்வி தருகிறேன். உங்கள் பாடசாலைக் கட்டடத்தின் தளப்படத்தை எடுங்கள். வெளிச்சுவர்களின் மூலை ஒவ்வொன்றும் செங்கோணமாக இருக்கும். உட்சுவர்களை மறந்துவிடுங்கள். மூலைகளை எண்ணுங்கள். இப்படிப்பட்ட கட்டடத்துக்கு மூன்றால் வகுக்க வேண்டியதில்லை, நான்கால் வகுத்தாலே போதும் என்று கான், கிளாவே, கிளைட்மன் மூவரும் 1983 இல் நிறுவினார்கள். 12 மூலைக்கு மூன்றே காவலர். அவர்களுடைய நிறுவலில் முக்கோணிகளுக்குப் பதிலாகக் குவிவு நாற்பக்கல்கள், மூன்று நிறத்துக்குப் பதிலாக நான்கு நிறம். ஏன் நான்கு என்பதைப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.